வலை காய்ந்த திடலில் இளவரசர் வீடு

(எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் பேசியது. எழுதிக் கொடுங்கள் என்று நண்பர்கள் கேட்டதால், நினைவில் இருந்தபடி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, பின்வரிசையில் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், நான் சத்தமாகவே பேசிவிடுகிறேன்.

'ஒரு கடற்கரை ஊரின் கதை' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படித் தலைப்பு வைத்தால் நாகையைப் பற்றியோ தரங்கம்பாடியைப் பற்றியோதான் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். மன்னியுங்கள். நான் பேசப் போவது இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் பிரைட்டனைப் பற்றி. மகள் அங்கே பக்கத்தில் வேலை பார்க்கிறாள், போன குளிர்காலத்தில் மூன்று மாதம் போய் இருந்தேன். வேலை வெட்டி இல்லாத மனுஷன் வேறென்ன செய்வான், தினமும் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போய்விடுவேன்.

அந்த ஊரைப் பேசக் காரணம் இருக்கிறது. என் தாத்தா வீட்டுக்கும் கடலுக்கும் ஒரு மைல்கூட இருக்காது. அவர் வருஷத்தில் மூன்று நாள் கடலுக்குப் போவார்: ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை. எள்ளும் தண்ணீரும் இறைப்பார், முங்குவார், ஈர வேட்டியோடு திரும்பி வந்துவிடுவார். மற்ற நாளில் கடல் என்பது கரையார் தொழில் செய்கிற இடம். மணலில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டு சுண்டல் சாப்பிட்டு வருவது ஒரு பொழுதுபோக்கு என்று யாராவது சொல்லியிருந்தால், உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், கடற்கரைக்குச் சும்மா போகிற இந்தப் பழக்கமே உடம்பு சரியில்லாதவர்களிடமிருந்துதான் தொடங்கியது. ஸ்கார்பரோ என்று வடக்கே ஓர் ஊர் உண்டு, அங்கே இன்னும் முன்னாலேயே கடலில் குளித்தார்கள், அந்த ஊர்க்காரர்கள் என் மேல் சண்டைக்கு வரலாம். ஆனால் அதை ஒரு பெரிய வியாபாரமாக, ஒரு நாகரிகமாக ஆக்கிக் காட்டிய ஊர் பிரைட்டன்தான்.

அதன் பழைய பெயர் பிரைட்ஹெல்ம்ஸ்டன். மீன்பிடிக்கிற ஊர். 1703இலும் 1705இலும் வந்த புயல்கள் கடலை ஒட்டிக் கீழே இருந்த தெருக்களை அடித்துக்கொண்டு போய்விட்டன. பிழைப்பு சுருங்கிக்கொண்டே போன ஊர் அது. கடல் அவர்களுக்குச் சோறு போட்டது, வீட்டையும் தின்றது. நம்மில் 2004 டிசம்பருக்குப் பிறகு வருஷக்கணக்கில் கரைப்பக்கமே போகாதவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊருக்கு வெளியூர்ப் பணக்காரர்கள் காசு கொடுத்து வண்டி பிடித்து வந்து கடலைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால், யாராவது ஒரு பெரிய காரணம் சொல்லியாக வேண்டும்.

சொன்னவர் டாக்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல். பக்கத்து ஊர் லூயிஸ்காரர். கழலை, சுரப்பி வீக்கம் மாதிரியான நோய்களுக்குக் கடல்நீர்தான் மருந்து என்று 1750இல் லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். சில வருஷத்தில் அது ஆங்கிலத்திலும் வந்து, ஆள்கள் தேடி வர ஆரம்பித்ததும் கடற்கரையிலேயே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வைத்தியம் குளிப்பதோடு நிற்கவில்லை, காலையில் கடல் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டும். அரை லிட்டருக்கு மேலே! நான் ஒருநாள் ஒரு உள்ளங்கை அளவு வாயில் விட்டுப் பார்த்தேன். துப்பிவிட்டேன். அதைக் குடித்த பிரபுக்களும் சீமாட்டிகளும் குணமானார்களோ இல்லையோ, குடல் சுத்தமாகியிருக்கும், அதில் சந்தேகமில்லை. நம் ஊரில் விளக்கெண்ணெய் கொடுப்பார்களே, அந்தக் கணக்குதான்.

குளிப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. சக்கரம் வைத்த மரக்கூண்டு ஒன்று, அதற்குக் குளியல் வண்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதற்குள் ஏறி உடை மாற்ற வேண்டும், குதிரை அதை இழுத்துத் தண்ணீருக்குள் கொண்டுபோய் நிறுத்தும். கதவைத் திறந்து படியில் இறங்கினால் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு தாட்டியான அம்மா நிற்பார். அவர் வேலை உங்களைப் பிடித்து முக்கி எடுப்பது. குளிர்ந்த தண்ணீர்தான் குணம் என்பதால் குளிர்காலத்திலும் நடக்கும். ஃபேனி பர்னி என்ற எழுத்தாளர் 1782 நவம்பரில், விடியுமுன்னே நிலா வெளிச்சத்தில் போய்க் குளித்ததாக எழுதி வைத்திருக்கிறார். நான் நவம்பரில் காலை நனைத்தேன், இரண்டு நிமிஷத்தில் கணுக்காலுக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது.

இந்த முக்கிவிடும் அம்மாக்களில் பேர்போனவர் மார்த்தா கன். மீனவக் குடும்பம். 1726இல் பிறந்து 1815 வரை இருந்தவர், கடைசி வருஷங்கள் தவிர வாழ்நாள் முழுக்க உப்புத் தண்ணீரில்தான் நின்றார். அந்த ஊர்க்காரர்கள் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். அரண்மனைச் சமையல்கட்டில் யாரோ இவருக்கு ஒரு கட்டி வெண்ணெய் கொடுக்க, அதைப் பாவாடைப் பைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பும்போது இளவரசர் எதிரே வந்துவிட்டாராம். அவர் பார்த்தும் பார்க்காதது போல நலம் விசாரித்துக்கொண்டே இவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பை நோக்கி நகர்த்தினாராம். பேச்சு முடிவதாக இல்லை, வெண்ணெய் உருகிக் காலில் வழிகிறது. நடந்ததோ இல்லையோ, ராஜா வீட்டுப் பிள்ளையும் மீனவப் பெண்ணும் ஒரே அடுப்பங்கரையில் நின்று பேசினார்கள் என்று அந்த ஊர் நினைத்துக்கொள்ள விரும்புகிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

யார் இந்த இளவரசர்? பிறகு நான்காம் ஜார்ஜ் மன்னரானவர். 1783 செப்டம்பரில் இருபத்தொரு வயசில் முதல்முதலாக வந்தார். அவருக்கும் கழுத்தில் சுரப்பி வீக்கம், வைத்தியத்துக்கு என்று பெயர். ஆனால் லண்டனில் அப்பாவின் கண் எட்டாத இடம் என்பதுதான் முக்கியமான குணம் என்று நினைக்கிறேன். சூதாட்டம், விருந்து, கடன், ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்ட மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட், எல்லாவற்றுக்கும் தோதான ஊர். சாதாரண ஒரு பண்ணை வீட்டில் தொடங்கியவர் 1787இல் அதைப் பெரிதாக்கினார், பிறகு 1815 முதல் ஏழெட்டு வருஷம் ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து முழுசாக மாற்றிவிட்டார். ராயல் பெவிலியன் என்று இன்று ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அதைத்தான்.

பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெங்காயக் கும்பங்கள், ஸ்தூபிகள், கல்லில் வலைப்பின்னல் வேலை. வெளியே மொகலாயர், உள்ளே போனால் சீனா, கூரையிலிருந்து டிராகன் தொங்குகிறது. நம் ஊரில் பெரிய இடத்துக் கல்யாணத்துக்குப் போடும் செட்டை யாரோ பிரிக்க மறந்து போனது போல இருக்கும். நாஷ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தாமஸ், வில்லியம் டேனியல் என்று சித்தப்பாவும் மகனுமாக இரண்டு ஓவியர்கள் இந்தியா முழுக்கச் சுற்றி வரைந்த படத்தொகுப்பைப் பார்த்துத்தான் கட்டினார். அந்த இரண்டு பேரும் 1792இல் நம் பக்கமும் வந்தவர்கள், தஞ்சைப் பெரிய கோயிலையும் மாமல்லபுரத்தையும் வரைந்தவர்கள். ஆனால் நாஷ் எடுத்துக்கொண்டது வடக்கத்திக் கும்பங்களைத்தான். கோபுரம் ஒன்று வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அதன் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன், மகள் பஸ் போய்விடும் என்று கூப்பிட்டாள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பெவிலியனுக்கு முன்னால் ஸ்டெய்ன் என்று ஒரு திறந்தவெளி. இப்போது நடுவில் பெரிய நீரூற்று, சுற்றிப் புல், அதைச் சுற்றி பஸ்கள். டாக்டர் ரஸ்ஸல் வீடு கட்டியதும் அதன் தென்முனையில்தான். அதற்கெல்லாம் முன்னால் அந்தத் திடல் என்னவாக இருந்தது தெரியுமா? மீனவர்கள் வலை காயப்போடுகிற இடம், படகை ஏற்றி வைக்கிற இடம். சீமாட்டிகள் மாலையில் உலாத்த வரும்போது கவுன் வலையில் சிக்குகிறது, நாற்றமடிக்கிறது. அப்புறம் என்ன, கொஞ்சம் கொஞ்சமாக வேலி வந்தது, தரையைச் சமன் செய்தார்கள், தண்ணீரை வடித்தார்கள், புல் போட்டார்கள். வலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், எதிர்த்தார்கள், கடைசியில் நகர்ந்தார்கள். ஒரே நாளில் யாரும் துரத்தவில்லை. இரண்டு மூன்று தலைமுறையில் முடிந்த வேலை.

இதைப் படித்தபோது எனக்கு மெரினா ஞாபகம் வந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் சென்னைக் கடற்கரையில் உலாவும் சாலை போட்டு, சிசிலியில் பார்த்த இடத்தின் நினைவாக மெரினா என்று பெயர் வைத்தார். அது பிரைட்டன் கண்டுபிடித்த அதே பழக்கம், கப்பலேறி வந்தது. நூறு வருஷம் கழித்து, 1985இல், கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரத்தையும் வலையையும் அப்புறப்படுத்தப் போனார்கள். துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது, மீனவர்கள் செத்தார்கள். அழகு என்ற சொல்லைக் கடற்கரையோடு சேர்த்து யாராவது சொன்னால் நான் முதலில் வலை எங்கே என்று பார்க்கிறேன். பழக்கமாகிவிட்டது.

சரி, கொஞ்சம் இளைப்பாறுவோம். பிரைட்டனில் பேர் வாங்கிய ஒரு இந்தியர் கதை சொல்கிறேன். ஷேக் தீன் முகமது, பாட்னாக்காரர், 1759இல் பிறந்தவர். ஒரு இந்தியர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் இவருடையது, 1794இல். லண்டனில் 1810 வாக்கில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தார், ஹூக்காவெல்லாம் உண்டு, கட்டுப்படியாகாமல் திவாலானார். பிறகு பிரைட்டனுக்கு வந்து மூலிகை ஆவிக் குளியலும் மசாஜும் தொடங்கினார். சம்பி என்று வடக்கே சொல்வார்களே, அமுக்கிப் பிடித்துவிடுவது, அதைத்தான் ஷாம்பூ என்று போர்டு போட்டார். இன்று நாம் ஒரு ரூபாய் பாக்கெட்டில் தலைக்குப் போடுகிறோமே, அந்தச் சொல் அப்போது உடம்பு பிடித்துவிடுவதைக் குறித்தது. கூட்டம் அள்ளியது. மன்னருக்கே ஷாம்பூ வைத்தியர் என்ற பட்டம் கிடைத்தது. குணமாகிப் போனவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களைத் தன் குளியலகத்தில் மாட்டி வைத்திருந்தாராம். வேளாங்கண்ணியில் காணிக்கை வைத்திருக்கும் கூடத்தில் வெள்ளியில் கை, கால், கண் என்று பார்த்திருப்பீர்கள் இல்லையா, மனுஷனுக்கு ஆதாரம் காட்டும் வழி எங்கேயும் ஒன்றுதான். 1851இல் இறந்தார். மார்த்தா கன் கிடக்கும் அதே செயின்ட் நிக்கலஸ் கோயில் கல்லறையில்தான் இவரும்.

1841இல் லண்டனிலிருந்து ரயில் வந்தது. அதோடு ஊரின் குணமே மாறியது. குதிரை வண்டியில் ஐந்தாறு மணி நேரம் ஆன வழி இரண்டு மணிக்குள் சுருங்கியதும், பிரபு மட்டும் வந்த ஊருக்குக் குமாஸ்தாவும் தையல்காரரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டியோடு வர ஆரம்பித்தார்கள். 1801இல் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊரில் 1851இல் அறுபத்தைந்தாயிரம் பேர். விக்டோரியா மகாராணிக்கு இந்தக் கூட்டம் ஆகவில்லை. பெவிலியனை 1850இல் ஊராருக்கே விற்றுவிட்டார், 53,000 பவுனுக்கு. ஊர் காசு போட்டு ராஜா வீட்டை வாங்கிய கதை உலகத்தில் அதிகம் இருக்காது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இந்தப் புதுக் கூட்டத்துக்கான வேடிக்கைகள். 1872இல் மீன் காட்சிசாலை, இன்றும் நடக்கிறது. 1883இல் மேக்னஸ் வோக் என்பவர் கடற்கரை ஓரமாக ஒரு மின்சார ரயில் விட்டார், உலகத்தில் ஓடிக்கொண்டிருப்பவற்றில் அதுதான் பழைய மின்சார ரயில். இந்த வோக் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கரையில் ஓடினால் போதாது, கடலுக்குள்ளேயே ரயில் விடுகிறேன் என்று கிளம்பினார். தண்ணீருக்கு அடியில் தண்டவாளம், அதன் மேல் ஏழு மீட்டர் உயரத்துக்கு நாலு இரும்புக் கால், காலுக்கு மேலே கப்பல் தளம் மாதிரி ஒரு வண்டி, சுற்றிலும் கம்பி பிடித்துக்கொண்டு ஜனங்கள், கீழே அலை. கடலில் போவதால் அது கப்பல் கணக்கில் வரும் என்று சொல்லி, ஒரு மாலுமியும் உயிர்காப்புப் படகும் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம்! ஜனங்கள் வைத்த பெயர் நெட்டைக்கால் அப்பா. 1896 நவம்பர் 28இல் ஓட ஆரம்பித்தது. டிசம்பர் 4 ராத்திரி புயல் வந்து புரட்டிப் போட்டுவிட்டது. ஒரே வாரம். மனுஷன் விடவில்லை, திரும்பச் சரிசெய்து 1901 வரை ஓட்டினார். நீர் வற்றியிருக்கும் நேரம் போனால் அந்தத் தண்டவாளத்துக்குப் போட்ட கல்கட்டுகள் இன்றும் வரிசையாகத் தெரியும். நான் போய்ப் பார்த்தேன், பாசி வழுக்கி ஒருதரம் விழுந்தும் எழுந்தேன், மகளிடம் சொல்லவில்லை.

அதே புயலில் போனது செயின் பியர். 1823இல் பிரான்ஸ் போகும் கப்பலுக்கு ஆள் ஏற கட்டின பாலம். பியர் என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டு போகிற பாலம், புதுச்சேரியில் ஒன்று இருந்து 2022இல் இடிந்து விழுந்ததே, அந்த ரகம். அங்கே கப்பல் ஏற வந்தவர்களைவிடச் சும்மா நடக்க வந்தவர்கள் அதிகமாகிவிட, நடப்பதற்கென்றே 1866இல் மேற்குப் பியரும் 1899இல் பேலஸ் பியரும் வந்தன. பேலஸ் பியரில் இன்றும் ராட்டினமும் பலகாரக் கடையுமாகத் திருவிழாக் கூட்டம். மேற்குப் பியரை 1975இல் மூடினார்கள், 2003இல் இரண்டு தடவை தீப்பிடித்தது, இப்போது கடலுக்குள் இரும்பு எலும்புக்கூடு நிற்கிறது. குளிர்கால மாலையில் மைனா சாதிக் குருவிகள் ஆயிரக்கணக்கில் அதன் மேல் புகைமாதிரி சுழன்று சுழன்று அடங்கும். அதைப் பார்க்கக் காசில்லை. அதற்கு நேர் எதிரே 162 மீட்டருக்கு ஒரு எஃகுக் கோபுரம் கட்டி, டிக்கெட் போட்டு, 2024இல் கடனில் முங்கினார்கள்.

1914 டிசம்பரில் பெவிலியன் ஆஸ்பத்திரி ஆனது. பிரான்ஸில் சண்டை போட்டுக் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக. டிராகன் தொங்கும் விருந்துக் கூடங்களில் இரும்புக் கட்டில் வரிசை. சாதி, மதம் பார்த்து ஒன்பது சமையற்கட்டு, இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். ராஜா வீட்டில் வைத்து நம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினால் மேலும் ஆள் சேரும் என்ற கணக்கும் அதில் இருந்தது. படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்றார்கள். ஆனால் வெளியே இஷ்டத்துக்குப் போக முடியாது. இறந்துபோன இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு மேலே மேய்ச்சல் மேட்டில் தகனம் செய்தார்கள், 53 பேர். அந்த இடத்தில் 1921இல் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சத்ரி மண்டபம் எழுப்பினார்கள். பஸ் போகாது, ஆட்டு மந்தைக்கு நடுவே நடக்க வேண்டும். நான் போன அன்று காற்று ஆளைத் தள்ளியது, ஒருவரும் இல்லை, தூரத்தில் ஒரு கோடாகக் கடல். செங்குத்தான மேட்டில் உட்கார்ந்து அந்தப் பெயர்களைப் படித்தேன். கடற்கரை பார்க்க வந்தவர்கள் இல்லை அவர்கள்.

1964இல் மாட்ஸ், ராக்கர்ஸ் என்று இளவட்டங்கள் மணலில் அடித்துக்கொண்டதும், 1974இல் ABBA என்ற சுவீடன் பாட்டுக் குழு இளவரசரின் பழைய குதிரை லாயத்தில் பாடிப் பரிசு வாங்கியதும், 1984இல் கிராண்ட் ஹோட்டலில் பிரதமர் தாட்சரைக் குறிவைத்துக் குண்டு வெடித்ததும் தனிக்கதைகள், நேரம் இல்லை. மணல் என்றேன், தப்பு. அங்கே மணலே கிடையாது, முழுக்கக் கூழாங்கல். செருப்பில்லாமல் பத்தடி நடக்க முடியாது. இதற்குத்தான் இருநூறு வருஷமாக இவ்வளவு கூட்டம்.

கடைசியாக ஒன்று. கடற்கரை வளைவுகளுக்குக் கீழே சின்னதாக ஒரு மீன்பிடி அருங்காட்சியகம் இருக்கிறது, நடுவில் ஒரு பழைய படகு, சுவரில் தாடிக்காரர்கள் படம், வலை, விளக்கு. கட்டணம் இல்லை. வாசலில் ஒரு காலத்தில் மீன் ஏலம் போட்ட இடம், இப்போது ஐஸ்கிரீம் கடை. படகுகள் கிழக்கே புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டன, அதிலும் கொஞ்சம்தான். வெளியே வந்து பசித்தது, மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். இது இந்தக் கடல் மீனா தம்பி என்று கடைப் பையனைக் கேட்டேன். அவன் உள்ளே போய் அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, ஐஸ்லாந்து என்றான்.

இந்த இடத்தில் பின்வரிசையில் இருந்த அக்கரைப்பேட்டை அம்மா ஒருவர் எழுந்து, "எவ்வளவு கொடுத்தீங்க அதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். நம்ம காசில் ஆயிரத்தைத் தாண்டும். அவர் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டே, "நாளைக்குக் காலையில வாங்க, சூடா வஞ்சிரம் தர்றேன்" என்று சொல்லி உட்கார்ந்தார்.